சைவப் பானையில் காய்ச்சிய சில்லி

என் குறிப்பேட்டில்: வெள்ளிக்கிழமை, காலை 7.10, ஹம்பேர்க் எஸ்-பான் நகர ரயில். எதிரே முதியோர் இல்லச் சீருடையில் இரு பெண்கள். இளையவள் தலை நிமிரவில்லை.

“அக்கா, நேற்று எங்கட சைவப் பானையில மாட்டிறைச்சி காய்ச்சிப்போட்டன்.”

“என்னடி சொல்லுறாய்?”

“எங்கட இல்லத்து அமெரிக்கக் கிழவர் ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை. தாய் காய்ச்சின மாதிரி சில்லிதான் வேணுமாம், அதுதான் மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்ட உறைப்புக் குழம்பு. வீட்டில வேற பெரிய பானை இல்லை.”

“சாப்பிட்டவரே?”

“ரெண்டு கோப்பை. அழுதழுது.”

“பானையைக் கழுவினனியே?”

“மூண்டு தரம். ஆனா விடிய மாமி அதிலதான் கோயிலுக்குப் பொங்கினவ. பக்கத்தில நிண்டும் எனக்கு வாய் வரேல்லை. வெக்கமாக் கிடக்கு.”

“சாமி மன்னிச்சாலும் மாமி மன்னிக்க மாட்டா. இப்பவே சொல்லு.”

இளையவள் கைப்பேசியில், “மாமி, படைச்சாச்சோ?” என்று கேட்டாள். அடுத்த நிறுத்தத்தில் இருவரும் இறங்கிவிட்டார்கள். மிச்சத்தைச் சொன்னாளா என்பது இதுவரை உறுதிப்படவில்லை.