பொட்டு வைத்த கீபோர்டு

"ஹலோ... யாரு... மருதண்ணே, நீங்களா? நல்லவேளை. நானே ஒங்களுக்குப் போடணும்னு ரிசீவர்ல கைய வைக்கிறேன், மணி அடிக்குது... ஆமா, ஆபீஸ்லதான். வெளக்குக்கு எண்ணெ ஊத்த வந்தேன்... ஆமாமா, நான் மட்டுந்தான் இருக்கேன்."

ஆயுத பூஜை நாளின் பிற்பகல். கோரிப்பாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்த அலுவலகத்தில், திறக்காத எண்ணெய் பாட்டிலை ஒரு கையில் பிடித்தபடி தேவிகா நின்றுகொண்டே பேசினாள். காலையில் பூஜை முடித்து, கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலையைப் பங்கிட்டுக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். முதலாளி வெங்கடேஷ்பாபு குடும்பத்தோடு திருப்பதிக்கு ரயிலேறியிருந்தார். அவருடைய செல்போனுக்கு லைன் கிடைக்கவில்லை. மறுநாள் காலை மறுபூஜை போடும்வரை எந்த இயந்திரத்தையும் தொடுவதில்லை. விளக்கு மட்டும் அணையக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது வருடா வருடம் தேவிகாவின் பொறுப்பு. மருதுவுக்கும் இது தெரியும். இரண்டு மாதம் முன்பு வரை அவனும் இங்கேதான் வேலை பார்த்தான். பாபு சாரோடு வாய்த்தகராறு முற்றி, உதறிவிட்டுச் சென்னைக்குப் போனவன்.

"அண்ணே, இங்க தெரை என்னமோ மாதிரி இருக்கு. பாக்கவே ஒரு மாதிரி வருது... சொல்றேன், சொல்றேன்."

ஜவுளிக்கடை, அரிசி ஆலை, பள்ளிக்கூடம், ரத்தப் பரிசோதனைக் கூடம் என்று மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் முப்பதுக்கு மேற்பட்ட இடங்களின் கம்ப்யூட்டர்களுக்கு வைரஸிலிருந்து காவல் இருப்பதுதான் அந்த நிறுவனத்தின் தொழில். இடத்துக்கு ஓர் ஆள் என்று அனுப்பி மாளாது. ஆகவே எல்லாவற்றையும் இங்கிருந்தே, பூஜை நாளிலும் அணைக்காத ஒரே திரையில் பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடு. ஓர் இடத்துக்கு ஒரு புள்ளி. ஓடினால் பச்சை, அணைந்திருந்தாலோ தொடர்பு அறுந்தாலோ சாம்பல், காவல் கழன்றால் சிவப்பு. உறங்கும் கம்ப்யூட்டரை இங்கிருந்தே எழுப்பவும் முடியும். அந்த ஏற்பாட்டை ராத்திரி பகல் பாராமல் உட்கார்ந்து நிறுவியவன் மருதுதான்.

இன்று எல்லாப் புள்ளிகளும் சாம்பலாக இருக்க வேண்டும். நரிமேட்டில் டாக்டர் ராதாமணியின் பரிசோதனைக் கூடம் மட்டும் விலக்கு. சீக்காளிக்கு ஏது பூஜை என்று அந்த அம்மாள் ஒரு கம்ப்யூட்டருக்குப் பொட்டே வைக்கவிடமாட்டார். ஆனால் தேவிகா கதவைத் திறந்தபோது, புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகி, சற்று நின்று, சிவந்துகொண்டிருந்தன. பூட்டிய கடைகளுக்குள், மாலை போட்ட கம்ப்யூட்டர்கள் தாமாகவே கண் விழித்துக்கொண்டிருந்தன.

"இல்லண்ணே, யாரும் தொடல. ஜவுளிக்கடைக்காரர்ட்ட கேட்டுட்டேன், காலைலயே பூட்டியாச்சாம்... டாக்டரம்மாவோடதும் செவந்துருச்சு. இப்பத்தான் கூப்பிட்டாங்க. ரிப்போர்ட் தெறக்க மாட்டேங்குதாம். ஆஸ்பத்திரில ஆபரேசனுக்கு ஆளப் படுக்கவச்சுட்டு, ரத்தம் ஏத்தக் காத்துக்கெடக்காங்க... வைரஸா? அம்புட்டுலயுமா?... சரி... சரி... அங்கருந்தே உள்ள வாறீங்களா? வாங்க, வாங்க."

திரையில் அம்புக்குறி, தொடுவாரில்லாமல் நகர்ந்தது. ஒரு கோப்பைத் தேடி எடுத்தது. எல்லா இடங்களுக்கும் அனுப்பும் கட்டளையைத் திறந்து, 'சரி' என்ற கட்டத்தின் அருகே போய் நின்றது. கம்ப்யூட்டர்களை எழுப்புவதையும் காவலைக் கழற்றுவதையும் வெளியூரிலிருந்துகூடச் செய்யலாம். புதிதாக ஒரு கோப்பை அனுப்புவதென்றால் மட்டும், இதே கீபோர்டில் ஒருவர் விரல் வைத்து அழுத்தியாக வேண்டும். பாபு சார் பிடிவாதமாக வைத்த விதி அது. தன்னை நம்பாமல் வைத்த விதி என்று மருது எகிறினான். தகராறே அதில்தான் ஆரம்பித்தது.

"இதுதான் மருந்தா? அழுத்துனா எல்லாத்துக்கும் போயிருமா... போயிரும், சரிண்ணே. ஆனா பொட்டு வச்சிருக்கே. எண்டர் மேலயே சந்தனத்த அப்பி வச்சிருக்காங்க... சிரிக்காதீங்க. எங்க வீட்ல இன்னைக்குத் தறியில கை வச்சா அம்மா கைய ஒடிச்சிரும்... ஆமா. ஆமா, அங்க ஒரு ஆளு கெடக்கான். புரியுது... சரி, தொடைக்கிறேன்."

எண்ணெய் பாட்டிலைக் கீழே வைத்து, துப்பட்டா முனையால் சந்தனத்தைத் துடைத்தாள். விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். விரல் எண்டரின் மேல் வந்து நின்றது.

அப்போது போனுக்குள் ஒரு சத்தம் கேட்டது. கீச்சென்று நீளமாக இழுத்து, தொண்டை அடைத்தாற்போல் பட்டென்று நின்றது. அவன் பக்கம் இவ்வளவு நேரம் இரைந்துகொண்டிருந்த மின்விசிறியும் நின்றது. திரையில் அம்புக்குறி உறைந்தது.

"கரண்ட் போயிருச்சாண்ணே?... சென்னையிலயுமா?"

அந்தக் கீச்சை அவளுக்குத் தெரியும். வண்டியில் அரைமணி தூரத்து அலங்காநல்லூர் அரிசி ஆலையின் யூபிஎஸ், பேட்டரி செத்து, மின்சாரம் போகும்போதெல்லாம் போடும் கூப்பாடு அது. ஆலைக்காரர் சோணைமுத்து போன மாதம் முழுக்கப் போன் செய்து, ரிசீவரை அதன் பக்கத்தில் பிடித்து, அறுபடுகிற ஆடு மாதிரி கத்துகிறது என்று காட்டியிருந்தார். மாற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் மறந்தே போனாள். சோணைமுத்து மருதுவுக்குத் தாய்மாமன்.

தேவிகா புள்ளிகளின் வரிசையில் அலங்காநல்லூரைத் தேடினாள். சாம்பலாக இருந்தது. மற்றதெல்லாம் சிவந்த பிறகும் அது ஒன்று மட்டும் பச்சையாகவே இருந்து, இந்த நிமிடம்தான் அணைந்திருக்கிறது. அவள் விரலை மெதுவாக எடுத்தாள்.

"இல்லண்ணே, இன்னும் அழுத்தல. கையெல்லாம் எண்ணெ, தொடச்சுக்கிட்டிருக்கேன்... ம்... ம்..."

மின்விசிறி மறுபடி இரையத் தொடங்கியது. சற்றுப் பொறுத்து அலங்காநல்லூர் புள்ளி பச்சையாயிற்று. அம்புக்குறி அசைந்தது.

"கரண்ட் வந்துருச்சா... ஆமா, இங்க தெரியுது."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எதிர்முனையில் மூச்சு மட்டும் கேட்டது.

"அம்புக்குறி நகருதுல்ல, அதச் சொன்னேன்... அண்ணே?... மருதண்ணே?"

அவன் பேசத் தொடங்கியபோது குரல் மிகவும் தணிந்திருந்தது. கோபம் இருந்தால்கூட அவளுக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

"...ஆமா. பாத்துட்டேன்... யாருட்டயும் சொல்லலண்ணே, சத்தியமா... நீங்க கட்டுனதுதான், யாரு இல்லேன்னா. அப்ப அது மருந்தில்லயா?... எல்லாத்தையும் தொடச்சிருமா? டாக்டரம்மாட்ட இருக்குறதையுமா? அந்தப் படுத்துக்கெடக்குற ஆளு ஒங்களுக்கு என்னண்ணே செஞ்சான்?... எந்தச் சாவி?"

அவள் கண் கதவுக்குப் போனது.

"ஆபீஸ் சாவிய வெலகுன அன்னைக்கே குடுத்துட்டீங்கல்ல... இன்னொண்ணா... வேணாம். வண்டிய எடுக்காதீங்க. வராதீங்கண்ணே. இந்தா, நானே அழுத்துறேன். லைன்லயே இருங்க. நீங்க பேசிக்கிட்டே இருந்தாத்தான் எனக்குத் தெம்பு."

பேசிக்கொண்டே சுவரோரமாகக் குனிந்தாள். அங்கே டெலிபோனுக்கும் இணையத்துக்கும் ஒரே ஒயர்தான். சுவரிலிருந்து வந்து ஒரு சின்னப் பெட்டியில் இரண்டாகப் பிரிந்தது. அது போனால் இந்தத் திரையிலிருந்து எந்தக் கட்டளையும் வெளியே போகாது, அவனும் உள்ளே இருக்க முடியாது. காவல் கழன்றதில் பூட்டிக்கொண்டனவே தவிர, ரிப்போர்ட்டுகள் இன்னும் அழியவில்லை. நரிமேட்டுக்கு நடந்தே போய், அங்கேயே உட்கார்ந்து திறந்து கொடுத்துவிடலாம்.

"அழுத்தப்போறேண்ணே... ஆமா, எண்டர்தான்... ஆமா, ஆமா... விரல வச்சிட்டேன்..."

ஒயரைப் பிடுங்கினாள்.

காதில் இருந்த மூச்சு அறுந்தது. திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சாம்பலாயின, ஆயுத பூஜை அன்று இருக்க வேண்டியபடியே. அலங்காநல்லூர் கடைசியாக அணைந்தது.

அவன் வந்தாலும் ஒயரை மறுபடி மாட்டி எதையும் அனுப்ப முடியாதபடி, மோடத்தைக் கழற்றிப் பொரிப் பையில் போட்டுக்கொண்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வேகமாகப் படியிறங்கினாள். பாதிப் படியில்தான் விளக்குக்கு எண்ணெய் ஊற்றாமல் வந்தது நினைவுக்கு வந்தது. அவள் திரும்பவில்லை.