குடைக்காரனுக்கு நான் குடுத்த குரல்

எல்லாரும் நல்லா இருக்கீங்களா? முட்டிவலி, முதுகுவலி எல்லாம் ஒரு மாதிரி அடங்கியிருக்கா? எனக்கு ஒரு குறையும் இல்ல. வீடு அமைதியா இருக்கு, அதனால தூக்கம் நல்லா வருது. இந்த வயசுல அமைதியை விட வேற என்ன வேணும் சொல்லுங்க.

அந்த அமைதி எப்படி வந்துச்சுன்னு எழுதத்தான் உக்காந்தேன். மனசுல பாரம்னு இல்ல. ஒரு விஷயத்தைச் சரியா செஞ்சா நாலு பேருக்குச் சொல்லணும்ல.

நான் வேலை பாத்தது வீடியோ கேம் கம்பெனியில. எங்க பெருமையே குடைக்காரன்தான். சின்ன உருவம், மஞ்சக் கோட்டு, கையில குடை. வாயே தொறக்க மாட்டான். மழை வந்தா குடையை விரிப்பான், பள்ளம் வந்தா அதைப் பிடிச்சுட்டு மெதுவா இறங்குவான். அவ்வளவுதான். அதுக்கே குழந்தைங்க உசுரை விட்டுச்சுங்க.

எங்களுக்கு ஒரு போட்டிக் கம்பெனி. ஒரு காலத்துல ரெண்டு பேரும் சேர்ந்து, டிவியில மாட்டி விளையாடற ஒரு கேம் பெட்டி செய்யறதா பேசி, பாதியிலயே முறிஞ்சு போச்சு. ஆனா கையெழுத்துப் போட்டது போட்டதுதானே. அவங்க தனியா விடப்போற பெட்டிக்கு, குடைக்காரனை வச்சு ரெண்டு கேம் அவங்களே செஞ்சுக்கலாம்னு அதுல இருந்துச்சு. சம்பந்தம் முறிஞ்ச பிறகும் போட்ட மோதிரத்தைக் கழட்ட முடியாத கதை.

ஆனா ஒரு நிபந்தனை. அவங்க வரையற ஒவ்வொரு படமும், ஒவ்வொரு சத்தமும் எங்க ஆபீசுக்கு வந்து முத்திரை வாங்கிட்டுப் போகணும். பச்சை முத்திரைன்னா சரி. சிவப்புன்னா திருத்திட்டு வா. அந்த ரெண்டு முத்திரையும் என் மேஜை டிராயர்ல இருந்துச்சு. எங்க கம்பெனிப் பெரியவர் என்னைக் கூப்பிட்டு, நம்ம ஆளு மானம் இனிமே உங்க கையிலதாம்மான்னு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாரு. எனக்குப் புரிஞ்சு போச்சு. சில விஷயத்தைப் பெரியவங்க வாயைத் தொறந்து சொல்ல மாட்டாங்க, நாமதான் புரிஞ்சுக்கணும்.

அந்தப் பக்கத்துல இருந்து வந்தவன் ஒரு பையன், எப்பவும் தொப்பி போட்டிருப்பான். தொப்பித் தம்பின்னே கூப்பிடுவேன். முதல் தடவை அவன் கொண்டுவந்து போட்டுக் காட்டினப்ப, நான் கையில வச்சிருந்த டீ ஆறிப் போச்சு. அவ்வளவு நல்லா இருந்துச்சு. மழைத்துளி ஒவ்வொண்ணும் குடை மேல பட்டுத் தெறிக்குது. எங்க ஆளுங்களே அப்படிச் செஞ்சதில்ல. அதான் பிரச்சனை. போட்டிக்காரன் வீட்டுல நம்ம பிள்ளை நம்மளை விட நல்லா வளர்ந்தா சும்மா இருக்க முடியுமா?

சிவப்பு குத்தி, பக்கத்துல எழுதினேன்: குடைக்காரன் பேச வேண்டும்.

தம்பி தொப்பியைக் கழட்டிட்டான். அன்னைக்குத்தான் அவனுக்கு முடி கம்மின்னு தெரிஞ்சுது. "அக்கா, அவன் பேசாம இருக்கறதுதானே அழகு?"

"உங்க பெட்டியில சத்தம் பிரமாதமா வரும்னு ஊர் பூரா போஸ்டர் ஒட்டியிருக்கீங்களே. வரட்டும், கேப்போம்."

ஏழு குரல் கொண்டுவந்தான். ஏழும் நல்ல குரல். ஏழுக்கும் சிவப்பு. எட்டாவதா நானே ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போனேன். எங்க வீட்டுக்காரரை.

அவரைப் பத்திச் சொல்லணும். மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை. தங்கமான மனுஷன், ஒரே ஒரு பழக்கம். செய்யறதை எல்லாம் சொல்லிக்கிட்டே செய்வாரு. காலையில "எந்திரிக்கிறேன்"னு ஆரம்பிப்பாரு. "செருப்பு மாட்டுறேன்." "கதவைத் தொறக்குறேன்." "அட, லைட் எரியுது, அணைக்கிறேன்." பக்கத்துல ஆள் இருக்கணும்னு கூட இல்ல. குரல் வேற, மூக்குல தொடங்கி மூக்குலயே முடியும். சின்ன வயசுல ரேடியோவுல பேசப் போய், ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்களாம். இருபத்தாறு வருஷம் கேட்டேன். நான் குறை சொன்னதே இல்ல.

விஷயத்தைச் சொன்னதும் மனுஷன் நாலு நாள் வெந்நீர்ல தொண்டையைக் கொப்பளிச்சாரு. "கொப்பளிக்கிறேன்"னும் சொன்னாரு, எப்படிச் சொன்னாருன்னு கேக்காதீங்க. ஒருத்தர் கண்ணுலயும் படாத ஒலிப்பதிவுக்குப் புதுச் சட்டை. போற வழியில பஸ்ல என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நீ ஒருத்திதான் என் குரலைக் காது குடுத்துக் கேட்டிருக்க" அப்படின்னாரு.

ஆமான்னேன்.

வசனம் எழுத வேண்டிய வேலையே இல்ல. ரெண்டு கேமுக்கும் சேத்து ஒரே நாள்ல முடிச்சுட்டோம். கதவு வந்தா "கதவைத் தொறக்குறேன்." குதிச்சா "குதிக்கிறேன்." விழுந்தா "விழறேன், விழறேன், விழுந்துட்டேன்." கண்ணாடி அறைக்கு வெளிய தொப்பித் தம்பி தலையில கை வச்சு உக்காந்திருந்தான். நான் அங்கேயே பச்சை குத்திக் குடுத்தேன்.

முதல் கேம் வந்துச்சு. அதுல நூத்திப் பன்னெண்டு கதவு. ஒரு பத்திரிகையில, குடைக்காரனுக்கு எதிரி வெளிய இல்ல, அவன் வாயிலதான் இருக்கான்னு எழுதினாங்க. அந்தப் பெட்டியைக் கொண்டாந்து கடையிலயே திருப்பிக் குடுத்தவங்க நிறைய பேர்.

எங்க வீட்டுக்காரர் பத்திரிகை எல்லாம் படிக்க மாட்டாரு. அவங்க தங்கச்சியையும் மச்சினரையும் கூட்டிட்டு, கடைத்தெருவுல ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னாடி அந்தக் கேம் ஓடிட்டிருந்த டிவியைக் காட்டப் போனாரு. நானும் போனேன். நல்ல கூட்டம். குடைக்காரன் கதவுகிட்ட வந்தான். அவன் வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடி கூட்டமே மூக்கால சொல்லுச்சு, "கதவைத் தொறக்குறேன்"னு. அப்புறம் ஒரே சிரிப்பு. அவரும் கொஞ்சம் சிரிச்சாரு. மச்சினர் செருப்பைக் குனிஞ்சு பாத்துக்கிட்டாரு.

வீட்டுக்கு வந்து கதவைத் தொறந்தாரு. ஒண்ணும் சொல்லல.

அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுக் கடிகாரம் ஓடற சத்தத்தை முதல் தடவையா கேட்டேன். நல்ல கடிகாரம்.

ரெண்டாவது கேமுக்கு முன்னாடி தம்பி வந்து கெஞ்சினான். குரலை மட்டும் எடுத்துடறேன், என் வேலையே போயிடும்னான். பச்சை குத்துனது குத்துனதுதான் தம்பின்னேன். வேலை போயிடுச்சு. அந்தப் பெட்டியும் அடுத்த வருஷமே நின்னு போச்சு. பெரியவர் மட்டும் ஏனோ சந்தோஷப்படல. அவங்க கேமைப் பாத்த குழந்தைங்க எங்க குடைக்காரனையும் கிண்டல் பண்ண ஆரம்பிச்சுட்டாங்கன்னு முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டாரு. பெரியவங்களுக்கு நன்றி சொல்லத் தெரியாது, விடுங்க. கம்பெனிக்காகச் செஞ்சேன், அவ்வளவுதான்.

எங்க கம்பெனியை மூடியே பதினோரு வருஷம் ஆகுது.

போன மாசம் ஒரு கடிதம் வந்துச்சு. தொப்பித் தம்பிதான் எழுதியிருந்தான். சின்ன வயசுல அந்தக் கேமை விளையாடினவங்க எல்லாம் இப்ப பெரிய ஆளுங்களாம். திட்டித் திட்டியே அது மேல பாசம் வந்துடுச்சாம். ஒரு மண்டபத்துல கூடறாங்களாம். ஐயா வந்து மேடைக் கதவைத் தொறந்து அந்த ஒரு வரியைச் சொன்னா போதும், முந்நூறு பேர் எந்திரிச்சு நின்னு கை தட்டக் காத்திருக்கோம், தயவு செஞ்சு வாங்கன்னு எழுதியிருந்தான். கடிதம் எங்க வீட்டுக்காரர் பேருக்கு வந்தது. படிச்சுட்டுத் தையல் டப்பாவுல, நூலுக்கு அடியில வச்சேன். அவருக்குத் தொண்டை போய் இருபது வருஷம் ஆச்சுன்னு பதிலும் போட்டுட்டேன்.

நேத்து கடைக்குப் போகக் கிளம்பினவர், கதவு மேல கை வச்சு நின்னாரு. உதடு லேசா அசைஞ்சுது. என்னைத் திரும்பிப் பாத்தாரு. நான் என்னங்கன்னு கூடக் கேக்கல, சும்மாதான் பாத்தேன். சத்தம் வராம தொறந்து வெளிய போயிட்டாரு. வயசாக ஆக மனுஷங்க தானா அடங்கிடறாங்க.

உங்க வீட்டுலயும் இப்படித் தானா அடங்கினவங்க இருப்பாங்களே, எப்படி அடங்கினாங்கன்னு எனக்கு எழுதுங்க. என் பேருக்கே போடுங்க. தவறி அவர் பேருக்குப் போட்டாலும் பரவாயில்ல, தபால் பெட்டிச் சாவி என்கிட்டதான் இருக்கு.