தாம்பாளத்தில் ஜப்பான் எழுத்து

ரெத்தினம்: ...ஆக, ஆசியாவோட ரெண்டு பெரிய நெல் நாகரிகம் இன்னைக்கு இந்தத் தாம்பாளத்துல சந்திக்குது, மங்களம்.

மங்களம்: சீக்கிரம் சந்திக்கச் சொல்லுங்க. அது பாயசத்துக்கு எடுத்து வச்ச பச்சரிசி.

ரெத்தினம்: வரலாறு நடக்கும்போது பாயசத்தப் பத்திப் பேசுறா பாரு.

மங்களம்: வரலாறு பாபநாசம் தாண்டிருச்சாம். இப்பத்தான் உங்க புள்ள ஃபோன் பண்ணான். முக்கா மணி நேரத்துல அவனும் மருமகளும் வாசல்ல நிப்பாங்க.

ரெத்தினம்: அகாரின்னு பேரச் சொல்லு. நாகோயாலேர்ந்து மொத தடவையா நம்ம வீட்டுக்கு வருது. அது பேரோட மொத எழுத்துதான் இது. ஜப்பான்காரங்களோட 'அ'.

மங்களம்: இதா? வயல் நண்டு மல்லாந்து கெடக்குற மாதிரில்ல இருக்கு.

ரெத்தினம்: கையெடுக்காம எழுதிட்டேன், அதான்... படுக்கையா ஒரு கோடு, கையெடுக்கணும். நெட்டுக்குத்தா ஒண்ணு, மறுபடி கையெடுக்கணும். அப்புறந்தான் சுழி. நம்ம 'அ' ஒரே இழுப்புல வந்துரும். இத்தன வருஷப் பழக்கம், கை எந்திரிக்க மாட்டேங்குது.

மங்களம்: டீக்கடையில ஜப்பான் பாஷை கத்துட்டேன்னு சொன்னீங்களாமே. மொத்தம் எத்தன எழுத்து தெரியும்?

ரெத்தினம்: ...இது ஒண்ணு.

மங்களம்: நான் புடிச்சுக் குடுத்த டீச்சர் அவ்வளவுதானா?

ரெத்தினம்: டீச்சரக் கொற சொல்லாத. தெனம் எழுதி ஃபோட்டோ அனுப்புறேன், செவப்புல திருத்தி அனுப்புறாங்க. மொத நாள் மேல போட்ட பிள்ளையார் சுழியையும் சேத்துத் திருத்திட்டாங்க. அவ்வளவு கறார்.

மங்களம்: நீங்க சும்மா விட்டீங்களா?

ரெத்தினம்: பிள்ளையாரப் பத்தி நாலு பக்கம் எழுதினேன். ஃபோனே அத ஜப்பான் பாஷையில மாத்திருச்சு. மறுநாள்லேர்ந்து அவங்களே சுழி போட்டுத்தான் ஆரம்பிக்கிறாங்க.

மங்களம்: இவ்வளவு பாடு எதுக்குங்க? வாசல்ல நின்னு 'வாம்மா'ன்னா போதாதா?

ரெத்தினம்: அது லேசா?

மங்களம்: ஒரே வார்த்தை.

ரெத்தினம்: நான் புள்ள கல்யாணத்துக்கே போகாதவன். ஃபோன்ல அது மொகம் தெரிஞ்சாலே எந்திரிச்சு கொல்லைக்குப் போனவன். திடீர்னு 'வாம்மா'ன்னா யாரு நம்புவா? மொகத்தத் திருப்பிக்கிட்டு அடுத்த வண்டியில போயிருச்சுன்னா... எழுத்துன்னா, இந்த ஆளு நமக்காக உக்காந்து கத்துக்கிட்டிருக்கான்னாவது தெரியும்ல.

மங்களம்: கண்ணு கலங்குது உங்களுக்கு.

ரெத்தினம்: அரிசித் தூசி. தள்ளு. கோடு... அடுத்த கோடு... இப்ப சுழி... எப்படி?

மங்களம்: நெசமாவே நல்லாருக்குங்க.

ரெத்தினம்: நண்டு?

மங்களம்: நிமிந்து ஒக்காந்துருச்சு.

ரெத்தினம்: ஒரு ஃபோட்டோ எடு. டீச்சருக்கு அனுப்பணும்.

மங்களம்: வேணாம்... அவங்க நேர்லயே பாத்துக்குவாங்க.

ரெத்தினம்: நேர்லயா? ஜப்பான்லேர்ந்தா?

மங்களம்: பாபநாசத்துலேர்ந்து.

ரெத்தினம்: என்னடி சொல்ற?

மங்களம்: நான் குடுத்த நம்பர் அகாரியோடதுங்க. யாரு எழுதுறா, யாருக்காக எழுதுறான்னு அவளுக்கு மொத நாளே தெரியும். மாமா கையெழுத்து நாளுக்கு நாள் அழகாயிட்டே வருதுன்னு எங்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல, சந்தோஷமாத்தான் வர்றா... ஏங்க, நல்ல சேதிதானே சொன்னேன்? ஏன் அப்படியே உக்காந்துட்டீங்க?

ரெத்தினம்: டீச்சர்கிட்ட, நம்ம வீட்ல யானை இருக்குன்னு சொல்லியிருக்கேன்.