நுரையில்லாத பாட்டில்

எங்கள் வீட்டில் காலையில் முதலில் எழுகிறவள் நான்தான். அதனால் மாதாமாதம் தங்கையின் சிறுநீர்ப் பாட்டிலை லேபில் கொடுக்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போகிற வழியில்தான் லேப். நீங்கள் கதவைச் சாத்திவிட்டுக் கேட்பதால் சொல்கிறேன்.

அவளுக்கு லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தின்கிற வியாதி. அது சிறுநீரகத்தில் கை வைத்தால் முதலில் சிறுநீர் நுரைக்கும், இரத்தத்தில் தெரியும்போது காலம் கடந்திருக்கும் என்று டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன்.

அன்றைக்கே அம்மா முடிவு கட்டிவிட்டாள். "சின்னவ தேறட்டும். அப்புறம் உன் கல்யாணத்தப் பார்ப்போம்." எனக்கு முப்பத்து நாலு வயது. என்னைக் கட்டிக்கொள்ள ஒருவர் இரண்டு வருஷமாகக் காத்திருந்தார். அவர் பொறுமைசாலிதான். அவர் வீட்டார் அப்படியில்லை.

ஒரு நாள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை. லேபின் கழிவறையில் அதைக் கொட்டிவிட்டு, புதுப் பாட்டிலில் என்னுடையதைப் பிடித்து, அவள் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

ரிப்போர்ட்டைப் பார்த்து அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். மாத்திரையால் உப்பியிருந்த தங்கையின் முகம் பழையபடி ஆனது. "கண்ணாடில இப்பத்தான் நான் தெரியறேன் அக்கா," என்றாள். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஐந்து மாதம் அப்படியே கொடுத்தேன்.

நாலாவது மாதம் அவள் கால் வீங்கியது. நாள் முழுக்க நின்றுகொண்டு பாடம் நடத்தினால் வீங்காமல் என்ன செய்யும் என்றேன். நான் சொன்னால் அவளுக்கு அதற்கு மேல் பேச்சில்லை. ஐந்தாவது மாதம் என் கல்யாணம். என் உடையின் மடிப்பைச் சரிசெய்யக் குனிந்தவள், நிமிர முடியாமல் மூச்சு வாங்கினாள். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த ஒரு நாளாவது எனக்கென்று இருக்கக் கூடாதா?

அடுத்த வாரமே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நல்ல ரிப்போர்ட்டுகளாக இருக்கும்போது இது எப்படி என்று டாக்டர் அவற்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. இப்போது வாரத்தில் மூன்று நாள் இயந்திரம் அவள் இரத்தத்தைக் கழுவுகிறது.

அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி, அவளால் சிறுநீரகம் கொடுக்க முடியாது. மீதி இருப்பது நான். எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது, இவ்வளவு நல்ல சிறுநீரகம் அபூர்வம் என்றீர்கள். எனக்கு அது புதிய செய்தி இல்லை.

சிறுநீரகம் கொடுக்க வருகிறவரிடம் தனியாகப் பேசுவது இங்கே வழக்கம், மனமில்லையென்றால் காரணம் இந்த அறையைத் தாண்டாது என்றும் சொன்னீர்கள். எனக்கு மனமில்லை. இப்போதுதான் குடும்பம் என்று ஒன்று அமைந்திருக்கிறது. தங்கையிடம் மட்டும், அக்காவுடையது பொருந்தவில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒரு காகிதம்தானே. உண்மை தெரிந்தால் அவள் தாங்கமாட்டாள்.

அவள் மனம் நோக நான் என்றைக்கும் விட்டதில்லை.