ஜமுக்காளத்துக்கு அடியில் மணிச்சத்து

அவைத்தலைவர் தவசி அண்ணன் அவர்களே, முன்வரிசையில் விசிறியோடு வீற்றிருக்கும் பெரியோர்களே, குடத்தை இறக்கி வைத்துவிட்டு நேரே இங்கு வந்த தாய்மார்களே, பந்தல் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கும் தம்பிமார்களே, அனைவருக்கும் இந்த வேதியியல் ஆசிரியையின் வணக்கம்.

திருநகர்ச் சாக்கடை எங்கே போகிறது? கண்மாய்க்குப் போகிறது. கண்மாய் எங்கே போனது? ஆகாயத்தாமரைக்கு அடியில் போனது! அதற்குத் தீனி போடுவது யார்? நாம்தான். நாம் கழித்ததிலும், துணி துவைத்த சோப்புத்தூளிலும் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், இருக்கிறது. உரக்கடையில் காத்துக் கிடந்து வாங்குகிறோமே, அதே மணிச்சத்து! கடையில் காத்துக் கிடக்கிறோம். கண்மாயில் கைவீசிக் கொட்டுகிறோம்.

அதைப் பிடிக்கச் சீமை மருந்து வேண்டாம். பேரையூர்ப் பக்கம் உழும்போது கொழுமுனையை மழுக்குகிறதே, அந்தச் சுண்ணாம்புச் சுக்கான்கல் போதும். கல்லை உடைத்துத் தொட்டியில் நிரப்பினோம். தெளியவிட்ட சாக்கடை நீரை அதனூடே மெல்ல விட்டோம். கல் சத்தைப் பிடித்துக்கொண்டது. எட்டு மாதம், ஐயா, எட்டு மாதம்! பிறகு கல்லை அள்ளி, உலர்த்தி, குவித்து வைத்தோம்.

யாருக்காக? அதோ, பந்தல் ஓரமாக நிற்கிறாரே சோணையம்மாள், அவருடைய செம்மண் காட்டுக்காக. சாக்கடைக் கல்லா என்று ஊரே முகம் சுளித்தபோது, "எங்காட்டுல போடுங்க டீச்சர். எம்புட்டு நாளைக்குத்தான் சத்தில்லாத மண்ணக் கிண்டுறது?" என்றவர் அவர் ஒருவரே. வேறு உரமே போடாமல் அரை ஏக்கரை ஒதுக்கி வைத்திருக்கிறார். மூன்று நாளில் விதைப்பு. அங்கே விளைந்தால்தான் தொட்டி நிலைக்கும். இல்லையேல் மூடச் சொல்லி மேலிடத்து உத்தரவு.

இன்று காலை வந்து பார்க்கிறேன், குவியலைக் காணோம்! தொட்டி மேற்பார்வையாளர் காசிமாயனைக் கேட்டேன்.

"அதுவா மேடம்? மழை பேஞ்சு ஒரே சகதி. தலைவரு வெள்ளை வேட்டியில வாராரு. அதான் பந்தலுக்குள்ள பரப்பி, மேல ஜமுக்காளத்த விரிச்சிட்டோம். எம்புட்டு வாகா இருக்கு பாத்தீகளா!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்கள் உட்கார்ந்திருப்பது அதன்மேல்தான்!

பின்னால் ஒரு தம்பி, "எந்திரி மாப்ள, சாக்கடை!" என்று அலறுகிறார். தம்பி, இவ்வளவு நேரம் அதன்மேல் சம்மணமிட்டு முறுக்குத் தின்றீர்களே, நாறியதா? பெயரைச் சொன்னதும்தான் நாறுகிறதா? வேட்டியில் சகதி படக்கூடாது. கண்மாய் மட்டும் சாகலாமா? அறிவை அழைத்து மாலை போடுவோம், அது தந்ததை அள்ளி மிதிப்போம் என்றால், எதற்கையா எனக்கு இந்தப் பாராட்டு விழா? எதற்கு இந்த ஒலிபெருக்கி?

என்னம்மா சோணையம்மா? "விடுங்க டீச்சர், அடுத்த வருசம் பாப்போம்" என்கிறீர்களா? அடுத்த வருடம் தொட்டி இருக்காது அம்மா! நீங்கள் பெருந்தன்மையாகப் பேசிப் பேசித்தான் எங்களைக் கெடுத்துவிட்டீர்கள்.

மிதிபட்டதால் சத்து செத்துவிடாது. மண் சேர்ந்தாலும் குற்றமில்லை. காசிமாயன், மண்வெட்டிகளைக் கொண்டுவாருங்கள். தாய்மார்களே, எழுந்து ஜமுக்காளத்தைச் சுருட்டுங்கள். தம்பிகளே, வாசலில் நிற்கும் மாட்டுவண்டியைப் பந்தலோரம் கொண்டுவாருங்கள். தலைவர் அண்ணே, வேட்டியை மடித்துக் கட்டுங்கள். எனக்கென்று வைத்திருக்கும் அந்தப் பொன்னாடையை இப்படித் தாருங்கள், சும்மாடு கோலிக்கொள்கிறேன். முதல் கூடை என் தலையில்.

நன்றியை வண்டி நிறைந்ததும் ஒவ்வொருவருக்கும் நேரில் சொல்கிறேன். இப்போதைக்கு, வணக்கம்.