இரண்டு குழாய், ஒரு மீட்டர்

எனக்கு டீ வேண்டாம், மேடம். வெந்நீர் போதும். டீ உள்ளே போனால் எனக்கு நாக்கு ஒரு முழம் நீளும், சொல்வதில் பாதி கதையாகிவிடும். இன்றைக்கு அது உங்களுக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது. நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள். எண்களை மெதுவாகச் சொல்வதுதான் பதினெட்டு வருஷமாக என் பிழைப்பு.

சுண்ணாம்பு ஆலையில் மீட்டர் அறை என்னுடையது. ஒரு மேசை, ஒரு கால் குட்டையான நாற்காலி, அந்தக் காலுக்கு அட்டை மடித்து வைத்தவன் நான். புகைபோக்கியில் போகிற புகையில் கரியமில வாயு நூற்றுக்கு எவ்வளவு என்று மீட்டர் காட்டும். அதே எண் நிமிஷத்துக்கு ஒரு தரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தானாகவே போய்விடும். ஆலையில் என்னை ஜோசியர் என்று கூப்பிடுவார்கள். எண்ணைப் பார்த்து நல்லது கெட்டது சொல்கிறவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? சொந்த நேரம் மட்டும் தெரியாத ஜோசியர்.

சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல சட்டம். வானம் எல்லோருக்கும் பொது, ஓர் ஆலை வருஷத்துக்கு இவ்வளவுதான் புகை விடலாம் என்பது நியாயமான பேச்சு. ஆனால் சுண்ணாம்புக்கல் சட்டம் படித்ததில்லை. சுட்டால் கல்லே வாயுவை விடும், விறகோ எண்ணெயோ எதைப் போட்டு எரித்தாலும் சரி. எங்கள் எண் பதினாறுக்குள் இருந்தால் வருஷம் முழுக்க ஓட்டலாம். உண்மையில் அது இருபத்திரண்டு. அப்படியே போனால் வருஷம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே காளவாயை அணைத்துவிட்டு இருநூற்றுப் பத்துப் பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மேனேஜர் என்னைத் தப்பாக எதுவும் செய்யச் சொன்னதில்லை. அறை வாசலில் நின்று, "ஜோசியரே, இந்த வருஷம் நமக்குக் கட்டம் சரியில்லையே, பரிகாரம் ஏதாவது இருக்கா?" என்று மட்டும் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்தேன்.

பரிகாரம் என் மேசைக்கு அடியிலேயே இருந்தது. எங்களுக்கு இரண்டு காளவாய். ஒன்று எரியும்போது மற்றது ஆறும். இரண்டின் புகைப்பாதையும் ஒரே புகைபோக்கியில் போய்ச் சேரும். நடுவில் ஓர் இரும்புத் தட்டு, எரிகிறதன் புகை ஆறுகிறதற்குள் திரும்பி வராமல் அடைக்கும். ஆறுகிற காளவாயின் பாதைக்குள் ஆள் தவழ்ந்து போய்ச் சாம்பல் வழிக்க வேண்டும். அதனால் என் மீட்டருக்கு இரண்டு குழாய். ஒன்று புகைபோக்கியிலிருந்து, வாரியத்துக்காக. மற்றது ஆறுகிற பாதையிலிருந்து, உள்ளே போகிற ஆளின் உயிருக்காக. ஒன்றைத் திறந்தால் மற்றதை மூட வேண்டும். திருகுகள் மேசைக்கு அடியில் ஒரு தகரப் பெட்டிக்குள்.

நான் இரண்டையும் திறந்து வைத்தேன். ஆறுகிற பாதையில் இருப்பது வெறும் காற்று. அது புகையோடு கலந்தது. இருபத்திரண்டு பதினான்காகிவிட்டது. பாலில் தண்ணீர் கலக்கிறவனைத் திட்டுகிற ஊர், புகையில் காற்றைக் கலக்கிறவனுக்குப் பெயரே வைக்கவில்லை.

சாம்பல் வழிக்கிறவன் என் தங்கை புருஷன். நானே பார்த்துக் கட்டிவைத்த மாப்பிள்ளை. ஐந்தடி உயரம், குறுகலான பாதைக்கென்றே அளவெடுத்துச் செய்த மாதிரி. "உங்க தங்கச்சி என்னை இதவிடச் சின்ன இடத்துலதான் வச்சிருக்கா மச்சான்" என்பான். உள்ளே போவதற்கு முன் எனக்குப் போன் செய்வது அவன் வழக்கம், ஆலையின் விதியும் அதுதான்.

"மச்சான், ஜோசியம் என்ன?"

நான் பெட்டியைத் திறப்பேன். புகைபோக்கித் திருகை மூடுவேன். பாதையின் காற்று மட்டும் வரும். இரண்டு நிமிஷம் காத்திருந்து, சுழி என்று பார்த்த பிறகுதான், "சுத்தம், போயிட்டு வா மாப்பிள்ளை" என்பேன். பிறகு திருகுகளைப் பழையபடி வைப்பேன். பதினாறு தடவை இப்படி நடந்தது. அவன் விஷயத்தில் நான் ஒரு தடவைகூடக் கை வைத்ததில்லை. இதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றைக்குக் காலை பதினொரு மணிக்கு வாரியத்தின் சரிபார்ப்பு அதிகாரி வந்தார். பாவம், கடுமையான ஜலதோஷம். என் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். அவர் முழங்கால் தகரப் பெட்டியில் இடித்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் மீட்டரைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போவார். பதினான்கு. மூக்கைத் துடைத்தார். பதினான்கு. குறித்துக்கொண்டார்.

பிறகு பதினைந்து.

மேடம், அந்த எண் ஏற ஒரே ஒரு காரணம்தான் உண்டு. எரிகிற காளவாய் எப்போதும்போல எரிந்துகொண்டிருந்தது. கலக்கிற காற்றுதான் கெட்டுப்போயிருந்தது. இரும்புத் தட்டு எங்கோ விலகி, ஆறுகிற பாதைக்குள் வாயு இறங்கிக்கொண்டிருந்தது. உலகத்தில் இது தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. அந்த ஒரு விஷயத்தில் அதற்கும் எனக்கும் ஒத்துப்போகும்.

பதினாறு.

"என்னங்க, ஏறுது?" என்றார் அதிகாரி.

"ஈரக் கல்லு போட்டிருப்பாங்க சார். இறங்கிடும்."

"பதினேழு வந்தா நான் எழுதியாகணும். அப்புறம் பெட்டி, குழாய் எல்லாத்தையும் கழட்டிப் பார்க்கச் சொல்லுவாங்க."

"இறங்கிடும் சார்."

பதினாறரை. அப்போது போன் அடித்தது.

முதல் விசாரணையில் நான் சொன்னது உங்கள் கோப்பில் இருக்கும். மாப்பிள்ளை சாப்பிடப் போகிறேன் என்று சொல்லத்தான் போன் செய்தான், நானும் போயிட்டு வா என்றேன், பிறகு அவனாகவே கேட்காமல் உள்ளே இறங்கிவிட்டான் என்று சொன்னேன். அதிகாரியும் தன் தும்மலுக்கு நடுவில் நான் "போயிட்டு வா" என்றதைக் கேட்டதாகச் சாட்சி சொன்னார். ஆலை, தொழிலாளியின் அஜாக்கிரதை என்று எழுதி முடித்தது.

அது போகட்டும். ஆலை எழுதுவதை யார் படிக்கப்போகிறார்கள்? என் தங்கைதான் தினமும் அதையே படித்துக்கொண்டிருக்கிறாள். "ஒரு வார்த்தை உன்கிட்ட கேட்டிருந்தா என்ன அண்ணா? ஒவ்வொரு தடவயும் கேட்ட மனுஷன், அன்னைக்கு மட்டும் என்ன கேடு?" என்று அவன் படத்தைப் பார்த்துத் திட்டுகிறாள். அழுவதில்லை. குழந்தை அப்பா என்றாலே எழுந்து உள்ளே போய்விடுகிறாள். எனக்கு மட்டும் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைக்கிறாள். அந்தச் சோறு இறங்கவில்லை, மேடம். அதற்காகத்தான் வந்தேன். அவன் ஒழுங்கான ஆள். கேட்டான்.

"மச்சான், ஜோசியம் என்ன?"

"இப்ப வேணாம்" என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை. அதிகாரி கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார், கவனித்திருக்கவே மாட்டார். போனைப் பிடித்தபடி நானும் அதை யோசித்தேன். ஆனால் பாதைக்குள் அவன் நுழைகிற அடிக்கதவு வெளியிலிருந்து பூட்டியிருந்தது. சாவி அவன் இடுப்பில். குழாயின் வாய் அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அவன் கதவைத் திறந்தால் வெளிக்காற்று குழாய்க்குள் வரும், எண் இறங்கும். அவன் திறந்தால்தான் இறங்கும். வேணாம் என்றால் திறக்க மாட்டான்.

"சுத்தம், போயிட்டு வா மாப்பிள்ளை" என்றேன்.

நாலாவது நிமிஷம் எண் இறங்கியது. பதினாறு, பதினைந்து, பதினான்கு. அதிகாரி, "நீங்க சொன்னது சரிதான்" என்று கையெழுத்துப் போட்டார். நான் அவருக்கு இஞ்சி போட்ட டீ வரவழைத்துக் கொடுத்தேன். அவர் ஊதி ஊதிக் குடிக்க இருபது நிமிஷம் ஆயிற்று. அவர் படியிறங்கும் வரை வாசலில் நின்று வழியனுப்பினேன். அதன் பிறகுதான் கீழே ஓடினேன். நன்றாகவே ஓடினேன், பார்த்தவர்கள் சொல்வார்கள்.

கதவைத் திறந்தால் காற்று புகுந்து அவனுக்கும் நல்லதுதானே என்று நினைத்துத்தான் போகச் சொன்னேன். அப்படி நினைத்தேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், மேடம். தங்கை படிப்பாள்.