மழையில் ஊதிய கதவு

மழை பிடித்துவிட்டால் எங்கள் வாசற்கதவு ஊதிக்கொள்ளும். அடியில் தூக்கிப் பிடித்து, தோளால் ஒரு முட்டு முட்டினால்தான் திறக்கும். நான் மரவேலைக்காரன். இழைப்புளி எடுத்து உட்கார்ந்தால் ஒரு மதியம்கூட ஆகாது. செய்யவில்லை. ஏன் என்று கேட்பீர்கள், சொல்கிறேன்.

மருமகளுக்கு வயிற்றைக் கீறித்தான் குழந்தையை எடுத்தார்கள். பேத்தி. தையல் ஆறும்வரை கனமாக எதையும் தூக்காதே என்று சொல்லி அனுப்பினார்கள். மகனுக்குக் கப்பலில் வேலை, பிள்ளையைப் போனில்தான் பார்த்தான். என் பெண்டாட்டி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆக வீட்டில் நாங்கள் மூன்று பேர்.

பிரசவமான வீடுகளுக்கு ஒரு நர்சம்மா வந்து தாயையும் பிள்ளையையும் பார்த்துவிட்டுப் போவாள். சின்ன வயசு. தோள்பையில் குழந்தையை நிறுக்கிற தராசு. ஓசியில் வருகிறவர்களை நான் நம்புவதில்லை. சும்மா யார் வருவார்கள்? முதல் தடவை வந்ததுமே, "ஐயா, கொஞ்சம் வெளிய இருங்க" என்று என்னை அனுப்பிவிட்டு அறைக்கதவைச் சாத்தினாள். காதை வைத்துக் கேட்டேன். அது தப்புதான்.

"வீட்ல யாராவது திட்டறாங்களா? பயமா இருக்கா?"

"எங்க மாமாவைக் கேக்கறீங்களா? அவருக்கு முறைக்க மட்டுந்தான் தெரியும். நேத்து குழந்தைக்குத் துணியைத் தலைகீழா கட்டிட்டு, அதுகிட்டயே மன்னிப்புக் கேட்டுட்டு நிக்கறாரு. பாவம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். "ஐயோ, தையல் இழுக்குது, சிரிக்க வைக்காதீங்க" என்று இவள் வேறு.

கெட்டவன் என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பாவம் என்றாள். உடம்பு கூசிப்போனது. அடுத்த தடவை இன்னும் என்னென்ன பேசுவார்களோ.

அடுத்த தடவை கதவை ஒரு சாண்தான் திறந்தேன். "அம்மா வீட்டுக்குப் போயிருக்கா" என்றேன். நர்சம்மா போய்விட்டாள்.

"நர்சம்மா குரல் மாதிரி இருந்துச்சே, மாமா?"

"வீடு மாறி வந்த பொண்ணு. நர்சு இனிமே வரமாட்டாளாம். ஆள் பத்தலையாம்."

அதற்குப் பிறகுதான் மருமகளுக்குக் காய்ச்சல் வந்தது. கஞ்சி வைத்தேன், நெற்றியில் ஈரத்துணி போட்டேன், பிள்ளையின் துணியெல்லாம் துவைத்தேன். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அவள் போனை மட்டும், பிள்ளை தூங்கட்டும் என்று, என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மகன் கூப்பிட்டால், "தூங்கறாடா" என்பேன்.

"ரொம்பக் குளிருது மாமா. தையல்ல ஒரு மாதிரி நாத்தம் வருது. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?"

"பால் கட்டின காய்ச்சல்மா. உங்க அத்தைக்கும் வந்துச்சு" என்றேன். என் பெண்டாட்டிக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே அந்த நர்சம்மா இருப்பாள், என் பொய் சந்திக்கு வரும். அதுதான் காரணம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஒரு நாள் அவளே சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டாள். இழுத்துப் பார்த்தாள். "மாமா, திறக்க மாட்டேங்குது."

"மழை விடட்டும்மா" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தேன்.

மறுநாள் நர்சம்மா திரும்பவும் வந்தாள். உள்ளேயிருந்து, "மாமா, யாரு?" என்று சத்தம் வந்தது.

"யாரோ கூப்பிடறாங்களே?"

"டிவி" என்றேன்.

கதவிடுக்கு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு, "ஐயா, அவங்க அம்மா வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிடுங்க. காய்ச்சல் வந்தாலோ, தையல்ல நாத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துடணும். உயிருக்கே ஆபத்து" என்றாள். "சரிம்மா" என்று கதவை முட்டிச் சாத்தினேன். சொன்னது முழுப்பொய்யாக வேண்டாமே என்று உள்ளே போய் டிவியைப் போட்டேன். அவள் கூப்பிட்டது அப்புறம் கேட்கவில்லை.

விடிந்தபோது பிள்ளை மட்டும் அழுதுகொண்டிருந்தது.

மகன் வந்தான். "அந்த நர்சு ஒண்ணுமே சொல்லலையாப்பா?"

"என்னமோ சொன்னாடா. படிக்காதவன், எனக்கு என்ன புரியும்?"

"விடுங்கப்பா. உங்க மேல தப்பில்லை" என்று அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

இந்தச் சாவை விசாரிக்கிற உங்களிடமும் அதையே சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். அந்தப் பெண் நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னாள். எல்லாம் புரிந்தது.